கூர்ப்பும் சிவபுராணமும்
(வெள்ளவத்தைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எமது ஞாயிறு சமய வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "ஐயா, பள்ளியில் கூர்ப்பு என்கிறார்கள்; இங்கே இறைவன் படைத்தான் என்கிறீர்கள். நான் எதைக் கொள்வது?"

இக்கேள்வியைக் கண்டு அஞ்சியோர் உளர். 1925இல் அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில், கூர்ப்பைக் கற்பித்த ஜோன் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டொலர் தண்டம் விதித்தனர். 2023இல் இந்தியாவின் பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலிலிருந்து அப்பாடம் நீக்கப்பட்டது. 1,800க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் பிறரும் கையொப்பமிட்டு அதனை மீட்கக் கோரினர்.

நாம் பாடத்தை நீக்குவதில்லை. வேறொரு தவறு செய்கின்றோம். "டார்வினுக்கு முன்னரே மணிவாசகர் கூறிவிட்டார்" என்று மேடையில் முழங்கிக் கைதட்டல் பெறுகின்றோம். சிவபுராணம் பேசுவது, ஓர் உயிர் பல பிறவி எடுத்து இளைத்து இறைவனடி சேர ஏங்குவதை. டார்வின் 1859இல் எழுதியது, உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக இயற்கைத் தேர்வினால் மாறுவதை. முன்னது அநுபவம், அதற்கு அன்பே சான்று. பின்னதற்குச் சான்று கற்படிவங்களும் உடலமைப்பும். ஒன்றை மற்றதற்குச் சாட்சியாக்கினால், நாளை விஞ்ஞானம் திருத்தப்படும்போது திருவாசகத்தையும் திருத்த வேண்டிவரும்!

அம்மாணவனுக்கு நான் கூறியது இதுவே: "தம்பி, விஞ்ஞான வகுப்பில் கூர்ப்பை ஐயமறக் கற்றுக்கொள். கோயிலில் உள்ளமுருகிப் பாடு. இரண்டுக்கும் வேண்டியது உண்மை ஒன்றே."