உரிய நேரத்தில் சேர வேண்டிய செய்தி
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆண்டு வரவு செலவுக் கணக்கைக் கேட்டு முடித்திருக்கும் இவ்வேளையில், மற்றொரு கணக்கையும் நாம் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். கொள்ளை நோய் ஒன்று ஊருக்குள் நுழையும்போது, அச்செய்தி மருத்துவரையும் செவிலியரையும் எத்தனை நாளில் சென்றடைகிறது என்பதே அக்கணக்கு. அதில் ஏற்படும் தாமதத்திற்கு உயிர்களே விலையாகின்றன. நிபா என்னும் ஒரே நோய் மூன்று ஊர்களில் நமக்குக் கற்றுத் தந்த பாடங்களைச் சற்றே சிந்திப்போம்.

முதலாவது மலேசியா. 1998 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்குள்ள பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடையே மூளைக் காய்ச்சல் பரவியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோயோ நின்றபாடில்லை. ஒரு பண்ணையிலிருந்து மற்றொரு பண்ணைக்கு விற்கப்பட்ட பன்றிகளோடு அதுவும் பயணம் செய்தது. 1999 மார்ச் மாதத்தில்தான் இது புதியதொரு வைரஸ் என்பது தெரிய வந்தது. அதற்குள் காலம் கடந்து விட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எச்சரிக்கை இருந்தது; ஆனால் அது தவறான திசையைக் காட்டியது.

இரண்டாவது, மேற்கு வங்காளத்தின் சிலிகுரி. 2001 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே 66 பேர் நோயுற்றனர். 45 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையில் பணி செய்தவர்கள், அல்லது நோயாளியைப் பார்க்கவும் பராமரிக்கவும் சென்றவர்கள். என்ன நோய் என்று அந்நேரத்தில் எவருக்கும் தெரியவில்லை. சேமித்து வைத்திருந்த மாதிரிகளைப் பின்னர் ஆராய்ந்து, அது நிபாதான் என்று உலகுக்கு அறிவிக்க 2006 ஆம் ஆண்டாயிற்று. இங்கே எச்சரிக்கையே இல்லை.

மூன்றாவது, நம் அண்டை மாநிலத்தின் கோழிக்கோடு. 2018 மே மாதத் தொடக்கத்தில் ஓர் இளைஞர் காய்ச்சலால் இறந்தார். காரணம் தெரியவில்லை. அடுத்த இரு வாரங்களுக்குள் அவருடைய குடும்பத்தாரும் அதே அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வந்தனர். ஒரே வீட்டில் இத்தனை பேருக்கு ஒரே விதமான மூளைக் காய்ச்சலா என்று அங்கிருந்த மருத்துவர்கள் ஐயுற்றார்கள். காத்திராமல் மாதிரிகளை மணிப்பாலுக்கு அனுப்பினார்கள். சுகாதாரத் துறைக்கும் தகவல் தந்தார்கள். புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் நிபா என்று உறுதி செய்தது. உடனே மருத்துவமனைகள் யாவும் எச்சரிக்கப்பட்டன. நோயாளிகள் தனிமைப்படுத்தப்பட்டனர், செவிலியர்களுக்குப் பாதுகாப்பு உடைகள் வழங்கப்பட்டன, நோயாளிகளோடு பழகிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கண்காணிக்கப்பட்டனர். ஜூன் தொடக்கத்திற்குப் பின் புதிய நோயாளி எவரும் கண்டறியப்படவில்லை.

ஆயினும் அந்த இடைப்பட்ட நாட்களின் விலையை மறந்துவிடலாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 19 பேர் நோயுற்று 17 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோருக்கு எச்சரிக்கை வரும் முன்னரே மருத்துவமனையில் தொற்றியிருந்தது. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையின் செவிலியர் லினி, அந்த முதல் இளைஞருக்குப் பணிவிடை செய்தவர். தாம் தொட்டுப் பராமரிப்பது எந்த நோயை என்று அறியாமலேயே பணியாற்றினார். மே 21 அன்று, இரு பச்சிளம் பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்து போனார். செய்தி முந்தியிருந்தால் அவர் தற்காத்துக் கொண்டிருக்கக் கூடும்.

செய்தியின் அருமையை அறிந்தவர்கள் நம் முன்னோர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்திற்குப் புறப்பட்டபோது, ஸர்க் என்னுமிடத்தில் படைத் தளபதிகள் எதிர்கொண்டு வந்து, அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) கலந்தாலோசித்துத் தம்முடன் வந்தோரோடு திரும்பினார்கள். தளபதிகள் செய்தியை மறைக்கவில்லை. கலீஃபா அதை அலட்சியம் செய்யவுமில்லை.

சகோதரர்களே! அரசு மருத்துவமனைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பும். அது அரசின் பொறுப்பு. ஆனால் அந்தச் செய்தி பெரும்பாலும் புறப்படுவது நம் வீட்டுக் கட்டிலிலிருந்துதான். நோயாளி எங்கே சென்று வந்தார், யாரோடு இருந்தார், வீட்டில் வேறு எவருக்குக் காய்ச்சல் என்று மருத்துவர் கேட்கும்போது, கௌரவம் கருதி நாம் ஒன்றை மறைத்தால், அடுத்த கட்டிலில் இருப்பவருக்கும், ஊசி போட வருபவருக்கும் அநீதி இழைத்தவர்களாவோம். மருத்துவரிடம் சொல்லும் உண்மை ஓர் அமானிதம்.

எனவே நம் மஹல்லாவில் இவற்றை நடைமுறையாக்கிக் கொள்வோம். ஒரே தெருவில் சில நாட்களுக்குள் பலருக்கு ஒரே விதமான கடுங்காய்ச்சலோ வாந்தி பேதியோ கண்டால், நிர்வாகிகள் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். 104 என்ற எண்ணிலும் தொடர்பு கொள்ளலாம். சுகாதாரத் துறை உறுதி செய்யாத எதையும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கலாகாது. நோய் விசாரிக்கச் செல்வது நன்மையான செயல்தான். தொற்று என்று மருத்துவர் தடுத்தால், வீட்டிலிருந்தே துஆச் செய்வதும் விசாரிப்புத்தான். மய்யித்தை அடக்கம் செய்வதில் அதிகாரிகள் சொல்லும் பாதுகாப்பு முறைகளுக்கு ஒத்துழைக்க வேண்டும்.

இன்னுமொன்று. பேராம்பிராவில் லினியோடு பணியாற்றிய செவிலியர்களைக் கண்டு அஞ்சி, ஆட்டோவிலும் பேருந்திலும் மக்கள் விலகிச் சென்றார்கள். அத்தகைய இழிசெயல் நம் தெருவில் ஒருபோதும் நிகழக் கூடாது. நமக்காக நோயின் முன்னே நிற்பவர்களுக்கு நாம் தர வேண்டியவை இரண்டு: தாமதமில்லாத உண்மை, தயக்கமில்லாத மரியாதை.

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அதற்கு அருள் புரிவானாக! ஆமீன்.