டயர் கழண்ட இடம் உத்திரமேரூர்

ரெண்டு மாசமா எபிசோட் வரலையே, எங்க போனேன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எங்கேயும் போகலை. இடது முழங்கையில தோல் வளர்ற வரைக்கும் வீட்லதான் இருந்தேன். அந்த நேரத்துல ஒரு சக்கரத்துல இருந்து பழைய பசையை உரிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு அந்தப் பசையைப் பத்தித்தான் பேசப் போறோம். சைக்கிள் ஓட்டாதவங்களும் கேளுங்க, பலாப்பழம், அரக்கு மாளிகை எல்லாம் வரும்.

எங்க ஞாயித்துக்கிழமை ரூட் உங்களுக்குத் தெரியும். தாம்பரத்துல அதிகாலை கிளம்பி, செங்கல்பட்டு தாண்டி, பழையசீவரத்துல பாலாத்தைக் கடந்து, திருமுக்கூடல் வழியா உத்திரமேரூர். ஏரி, நெல் வயல், ஏத்த இறக்கம் பெருசா இல்லாத ரோடு. ஒரே தொல்லை கல்குவாரி டிப்பர் லாரிங்கதான். அன்னைக்கு ஊருக்குள்ள நுழையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு வலது பக்கத் திருப்பம். வேகம்கூட அவ்வளவு இல்லை. சக்கரம் திரும்புச்சு, பின் டயர் திரும்பலை. ரிம்மை விட்டுப் பக்கவாட்டுல உருண்டு கழண்டு வந்துடுச்சு. நான் ரோட்ல. பின்னாடி டிப்பர் பிரேக் போட்ட சத்தம் இப்பவும் காதுல இருக்கு. டிரைவர் இறங்கி வந்து திட்டலை. "ஏம்மா, அடி பட்டுச்சா"ன்னு கேட்டுட்டு, சைக்கிளைத் தூக்கி ஓரமா வச்சுட்டுப் போனார்.

டயர் எப்படிங்க கழலும்னு கேப்பீங்க. சாதாரண சைக்கிள் டயர்ல ரெண்டு ஓரத்துலயும் கம்பியோ கெட்டியான நூலோ இருக்கும். அது ரிம்மோட விளிம்புக்குள்ள உட்காந்துக்கும், உள்ள இருக்கற டியூபோட காத்து அதை விளிம்போட சேர்த்து அழுத்திப் பிடிச்சுக்கும். ரேஸ் சக்கரத்துல ட்யூபுலர்னு ஒரு வகை உண்டு. டியூபை உள்ள வச்சு, டயரை அடியில ஊசி நூல் போட்டுத் தைச்சுடுவாங்க. பாக்கறதுக்கு ஒரு பாம்பு மாதிரி முழு வட்டமா இருக்கும். ரிம்முல விளிம்பு கிடையாது, குழிவா ஒரு தடம் மட்டும்தான். டயரை அந்தத் தடத்துல பசை போட்டு ஒட்டணும். எடை குறைவு, அதனாலதான் ரேஸ்காரங்க இவ்வளவு காலமா இதை விடாம வச்சிருந்தாங்க. இப்போ பெரிய அணிகள் பெரும்பாலும் டியூப்லெஸ்ஸுக்கு மாறிட்டதால, பழைய ட்யூபுலர் சக்கரங்கள் செகண்ட் ஹாண்ட்ல சல்லிசா கிடைக்குது. நானும் அப்படித்தான் ஒரு ஜோடி அலுமினியச் சக்கரம் வாங்கினேன். வித்தவர் மேல தப்பில்லை. பசை பழசு, சுரண்டிட்டு ஒட்டுங்கன்னு தெளிவா சொன்னார். நான்தான் ரிம்மைத் தடவிப் பாத்துட்டு, "கெட்டியாத்தானே இருக்கு"ன்னு அது மேலயே புதுப் பசையைப் போட்டு ஒட்டிட்டேன்.

ஏரிக்கரைப் பக்கம் வேப்பமரத்தடியில ஒரு பஞ்சர் கடை. தண்ணித் தொட்டி, கம்ப்ரஸர், சுவர்ல பழைய டியூப் மாலை. சைக்கிளை உருட்டிக்கிட்டு அங்க போனேன். அண்ணன் முதல்ல என் கையைக் கழுவச் சொன்னார். அப்புறம் டயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். "இன்னாம்மா இது, தலையணை மாதிரி தைச்சு வச்சிருக்கான்?" ட்யூபுலரை அவர் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லை. ஆனா என்ன நடந்துச்சுன்னு அரை நிமிஷத்துல சொல்லிட்டார். டயரோட அடிப்பக்கத்துல பழுப்பு நிறத்துல செதில் செதிலா பழைய பசை ஒட்டியிருந்தது. ரிம்முல அந்த இடம் பளபளன்னு காலி.

"நீ போட்ட பசை நல்லாத்தான் புடிச்சிருக்கு. அடியில இருக்கறதுதான் ரிம்மை வுட்டுடுச்சு."

நான் புதுப் பசையை டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல போடலை. டயருக்கும் பழைய பசைக்கும் நடுவுல போட்டிருக்கேன். பழசு ரிம்மைப் பிடிச்சிருக்கான்னு நான் பாக்கவே இல்லை.

இதுல ஒரு தமாஷ் என்னன்னா, அதே ஊர்ல வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல குடவோலைக் கல்வெட்டு இருக்கு. முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919லயும் 921லயும் வெட்டினது. ஏற்கெனவே வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்துல போடக்கூடாது, அவன் சொந்தக்காரன் பேரையும் போடக்கூடாதுன்னு அதுல விதி எழுதியிருக்கு. எத்தனையோ தடவை அந்தக் கோயில் வாசல்ல நின்னு போட்டோ எடுத்திருக்கேன். சரி, விடுங்க.

பசை விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு உலகத்துக்கே தெரிஞ்ச உதாரணம் 2003 டூர் டி பிரான்ஸ். ஜூலை 14, காப் ஊரை நோக்கி இறங்கற மலைப்பாதை. வெயில்ல தார் உருகிக் கிடக்குது. மொத்தப் பட்டியல்ல ரெண்டாவது இடத்துல இருந்த ஸ்பெயின்காரர் ஹோசெபா பெலோகி பிரேக் பிடிக்கறார், பின் சக்கரம் வழுக்குது, டயர் ரிம்மை விட்டுக் கழலுது. தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உடைஞ்சது. அதுக்கப்புறம் அவர் பழைய நிலைமைக்குத் திரும்பவே இல்லை. பின்னாடி வந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் மோதாம இருக்க வயக்காட்டுக்குள்ள சைக்கிளை விட்டுக் குறுக்கால போய் ரோட்ல ஏறினார். அந்த வீடியோவை எல்லாரும் ஆம்ஸ்ட்ராங்குக்காகப் பாப்பாங்க. அவரோட பட்டமெல்லாம் பின்னாடி பறிபோனது வேற கதை. நான் இப்போ பாத்தா அந்த டயரை மட்டும்தான் பாக்கறேன்.

சூடு இந்தப் பசைக்கு எதிரி. மலை இறக்கத்துல பிரேக் ரிம்மைத் தேய்க்கற சூட்டுலயே இளகும். நம்ம ஊர்ல மலைகூட வேண்டாம். மே மாசம் மூடின கார்ல சக்கரத்தை வச்சுட்டு சாப்பிடப் போனா போதும்.

சரி, எடுக்கறது எப்படி? முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எல்லாப் பழைய பசையையும் எடுக்கணும்னு அவசியம் இல்லை. மெல்லிசா, சமமா, நகத்தால கிளப்பினாலும் வராம ரிம்மோட ஒட்டியிருந்தா அது நல்ல அஸ்திவாரம். அது மேல ஒரு மெல்லிய பூச்சு போட்டுக்கலாம். மேடும் பள்ளமுமா இருந்தாலோ, செதிலா உரிஞ்சாலோ, யார் எப்போ என்ன பசை போட்டாங்கன்னே தெரியலைன்னாலோ மொத்தமா எடுத்துடுங்க. என்னோடது மூணும்.

பலாப்பழப் பால் கையில ஒட்டினா தண்ணியில போகாது, எண்ணெய் தேய்ச்சாத்தான் போகும், இல்லையா? இந்த ரப்பர் பசையும் அதே மாதிரிதான், தண்ணிக்கு அசையாது. ஆனா தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் பசையை இளக்கினாலும் ரிம்முல ஒரு படலத்தை விட்டுட்டுப் போகும். அது மேல புதுப் பசை பிடிக்காது. பெட்ரோலும் வேண்டாம், வீட்டுக்குள்ள வச்சுத் துடைக்கற பொருளே இல்லை அது.

நான் பண்ணது முதல்ல சூடு. ஹேர் டிரையரை ஒரு சாண் நீளத்துக்குக் காட்டி, கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானதும் மரத் தோசைத்திருப்பியோட ஓரத்தால தள்ளினேன். அம்மாவுக்கு இது தெரியாது, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்பாதீங்க. கிளம்பற பசையைக் கட்டை விரலால உருட்டினா முந்திரிப் பருப்பு அளவுக்கு ஒரு உருண்டை வரும். அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க! அந்த உருண்டையையே ரிம்முல ஒத்தி ஒத்தி எடுத்தா மிச்சம் மீதியை அதுவே இழுத்துக்கும். ஒரே சக்கரத்துக்கு ரெண்டு சாயங்காலம் ஆச்சு.

கடைசியா ஒட்டியிருக்கற மெல்லிய படலத்துக்குத்தான் அசிட்டோன். ஊத்தாதீங்க. துணியை நனைச்சு ரிம்முல போத்தி, மேல பிளாஸ்டிக் தாளைச் சுத்திப் பத்து நிமிஷம் விட்டா ஆவியாகாம வேலை செய்யும். ஸ்போக் ஓட்டையில எல்லாம் முதல்லயே துணியைத் திணிச்சுடுங்க, உள்ள இறங்கக்கூடாது. அசிட்டோன் மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பிடிக்கற அளவுக்கு ஆவி விடும். சென்னையில நம்ம அறைச் சூடு முப்பத்திரண்டு, கணக்குப் போட்டுக்குங்க. சமையலறையில வேண்டாம், சாமி விளக்கு எரியற ரூம்ல வேண்டாம். மொட்டை மாடிதான் சரி. நீல நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சீக்கிரம் ஊடுருவிடும், அடிக்கடி மாத்துங்க. நெயில் பாலிஷ் ரிமூவர் போதுமான்னு ஒரு தோழி கேட்டா. அதுல வாசனை, எண்ணெய்னு ஏதேதோ கலந்திருப்பாங்க, வேண்டாம். ரிம்மோட ஸ்டிக்கரும் அசிட்டோன்ல கரைஞ்சுடும். என் சக்கரத்துல இப்போ கம்பெனி பேர் பாதிதான் இருக்கு. எல்லாம் முடிஞ்சதும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ஒரு தடவை துடைச்சுடுங்க.

கார்பன் ரிம் வச்சிருக்கவங்க சூடே காட்டாதீங்க, உள்ள இருக்கற ரெசின் இளகிடும். இரும்புச் சுரண்டி, பெயிண்ட் ரிமூவர் ரெண்டும் தொடவே கூடாது. ஆரஞ்சுத் தோல் எண்ணெய்ல செய்யற கிளீனரும் பொறுமையும்தான் வழி.

அந்தக் காலத்துல வெலோட்ரோம்ல ஓட்டறவங்க ட்யூபுலரை ஒட்ட ஷெல்லாக் வச்சிருந்தாங்க. ஷெல்லாக்னா வேற ஒண்ணுமில்லை, நம்ம அரக்கு. ஜார்க்கண்ட் பக்கம் மரத்துல ஒரு சின்னப் பூச்சி விடற பிசின். பாண்டவர்களுக்கு துரியோதனன் மாளிகை கட்டினானே, அதே அரக்கு. காய்ஞ்சா கல்லு மாதிரி ஆயிடும், ரப்பர் பசை மாதிரி உள்ளுக்குள்ள நெளியாது, அதனால சக்கரம் இன்னும் லேசா உருளும். அதைக் கரைக்க ஸ்பிரிட் போதும். எனக்குக் கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு.

திரும்ப ஒட்டும்போது பஞ்சர் கடை அண்ணன் சொன்னதைத்தான் பண்ணேன். அன்னைக்கு என் முன்னாடியே ஒரு டியூபுக்குப் பேட்ச் போட்டுக் காட்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சார், சொல்யூஷனை மெல்லிசா தடவினார், அப்புறம் டீ குடிக்கப் போயிட்டார். வந்து விரலை வச்சுப் பாத்தார். "கையில வரக்கூடாது, ஆனா விரலை வுடவும் கூடாது. அப்பதான் ஒட்டணும்." ட்யூபுலர் பசைக்கும் அதே கணக்குதான். ரிம்முல மெல்லிசா ரெண்டு மூணு பூச்சு, ஒவ்வொண்ணும் ராத்திரி முழுக்கக் காயணும். டயரோட அடித்துணியிலயும் ஒரு பூச்சு. கடைசிப் பூச்சு பிசுபிசுப்பா இருக்கும்போது மாட்டி, காத்தடிச்சு, ஒரு நாள் தொடாம வைக்கணும்.

போன ஞாயித்துக்கிழமை மறுபடியும் உத்திரமேரூர் போனேன், அண்ணன்கிட்ட காட்டத்தான். பின் சக்கரத்துல காத்தை எடுத்தார், ரெண்டு கட்டை விரலையும் வச்சுப் பக்கவாட்டுல தள்ளினார், சக்கரத்தைச் சுத்திச் சுத்தித் தள்ளினார். அசையலை. எனக்குப் பெருமை தாங்கலை.

"முன்னாடி?"

"அது கழலவே இல்லையேண்ணா. தள்ளிப் பாத்தேன், கெட்டியா இருக்கு."

"காத்தை எடுத்துட்டுப் பாத்தியா, காத்தோட பாத்தியா?"

காத்தோட. காத்து இருந்தா எந்த டயரும் கெட்டியாத்தான் இருக்கும். அண்ணன் வால்வைத் திறந்தார். விரலை வச்சு ஒரு தள்ளு. அப்பளம் நொறுங்கற சத்தம். முக்கால் அடி நீளத்துக்கு டயர் பழைய பசையோட எழும்பி வந்துச்சு. அந்த முன் சக்கரத்துல எழுபத்தஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்திருக்கேன். அதுவும் அதே திருப்பத்துல.

அண்ணன் ஒண்ணும் சொல்லலை. கத்திரிக்காய் மூட்டை ஏத்திக்கிட்டிருந்த ஒரு டாட்டா ஏஸை நிறுத்தி, "செங்கல்பட்டு ஸ்டேஷன்ல வுட்டுடுப்பா"ன்னு சைக்கிளை மேல ஏத்திட்டார்.