உரத்துப் பேசும் எழுத்து



மேடையில் நின்று பேசுபவர் கடைசி வரிசையில் இருப்போருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்துகின்றார். திண்ணையில் அருகிருந்து உரையாடுபவர் அவ்வாறு செய்வதில்லை. அச்செழுத்துக்கும் இவ்விரு குரல்களும் உள. நூலின் எழுத்து அருகிருந்து பேசுவது. சுவரொட்டியின் எழுத்து வீதியிற் செல்வோரைக் கூவி நிறுத்துவது.

ஆங்கிலத்துக்குரிய உரோம எழுத்துக்களின் முனைகளிற் சிறு குறுக்குக் கோடுகள் இடுவது பழைய மரபு. அவை அற்ற அச்செழுத்தை 1816ஆம் ஆண்டளவில் இலண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் தம் மாதிரி நூலிற் காட்டினார். 1819இல் அவருடைய எழுத்து வார்ப்பகம் ஷெபீல்ட் நகரத்தாருக்கு விற்கப்பட்டது. அவ்வழி வந்த ஸ்டீவன்சன் பிளேக் நிறுவனமே 1965இல் 'இம்பாக்ற்' என்னும் எழுத்தை ஈய வார்ப்பில் வெளியிட்டது. மோதல் என்பது அப்பெயரின் பொருள். அதனை வரைந்தவர் விளம்பரத்துறையைச் சார்ந்த ஜெப்ரி லீ.

விளம்பரத் தாளின் அகலம் ஓர் எல்லைக்குட்பட்டது. எழுத்தைப் பெருக்கினாற் சொல் வரியில் அடங்காது. சுருக்கினாற் தொலைவிலுள்ளோர்க்குத் தோன்றாது. ஆகவே லீ எழுத்தைப் பக்கங்களில் ஒடுக்கி, கோடுகளைத் தடிப்பாக்கி, சிறிய எழுத்துக்களையும் பெரிய எழுத்துக்களின் உயரத்தை அணுகும்படி வளர்த்தார். தாளில் இயன்றவரை மை படியவேண்டும் என்பதே அவர் நோக்கம். அதனால் எழுத்தின் உள்வெளிகள் மெல்லிய கீற்றுக்களாயின. பின்னர் மைக்ரோசொப்ற் நிறுவனம் இதனைக் கணினிகளிற் பரப்பியது. இணையத்து நகைச்சுவைப் படங்களின் மேல் இன்று காணும் தடித்த வெள்ளை எழுத்து பெரும்பாலும் இதுவே.

இவ்வெழுத்தின் வலிமையே இதன் குறையும் ஆகும். இதனை நான் என் பிழையாற் கற்றேன். ஒருமுறை பெற்றோர் கூட்டத்துக்கு அறிவித்தல் ஆக்கியபோது, ஒன்றும் தவறக்கூடாதென்று எண்ணி, எல்லா வரிகளையும் தடித்த தமிழெழுத்தில் அமைத்து, இலக்கங்களை இம்பாக்ற் எழுத்தில் இட்டேன். தாளில் அடங்கும்பொருட்டு அளவையும் குறைத்தேன். பிரதி எடுத்தபோது உள்வெளிகள் மையால் அடைபட்டன. கூட்டம் 3ஆம் திகதி நடந்தது. ஒரு தாய் 8ஆம் திகதி, ஒருநாட் கூலியை இழந்து, பாடசாலை வாயிலில் வந்து நின்றார். தாளை நீட்டி, "ஐயா, எட்டு என்றுதானே போட்டிருக்கிறீர்கள்?" என்றார். வாங்கிப் பார்த்தேன், எனக்கும் அது எட்டாகவே தோன்றியது.

அன்றுதொட்டுத் தலைப்பை மாத்திரம் தடித்த எழுத்தில் இடுகிறேன். திகதி, நேரம், இடம் ஆகியவற்றைச் சாதாரண எழுத்தில், சுற்றிலும் வெற்றிடம் விட்டு அமைக்கிறேன். எல்லாச் சொற்களையும் உரத்துச் சொன்னால் எச்சொல்லும் உரத்துக் கேளாது. அழைப்பதற்கு ஓர் எழுத்து வேண்டும். அழைத்தபின் செய்தி சொல்வதற்கு வேறோர் எழுத்து வேண்டும். அறிவித்தல் எழுதுவோர் அதனை அச்சிடுமுன் ஒரு பிரதி எடுத்து, பார்வை மங்கிய முதியவர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வாராயின், எவரும் நாள் தவறி வாயிலில் வந்து நிற்க நேராது.