வாசல் வரை வந்த இணையம் பின்கட்டுக்கும் போகட்டும்
(கொங்குப் பகுதி விசைத்தறியாளர்கள், இ-சேவை மைய நடத்துநர்களுக்கான உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் பாரத்நெட் பணியை டான்ஃபிநெட் நிறுவனம் செய்து வருகிறது. தனியார் ஃபைபரும் நம்ம ஊர்ப் பக்கம் நிறைய வீடுகளுக்கு வந்திருச்சு. ஆனா வாசல் வரை வந்த இணையம் பின்கட்டு அறைக்குப் போகுதா? அந்தக் கடைசி நூறு அடி நம்ம பொறுப்பு. இன்னைக்குப் பேச்சு அதைப் பத்தித்தான்.

சோமனூர், பல்லடம் பக்கம் ஒரு வீட்டை நினைச்சுக்குங்க. முன் ஹாலில் டிவி பக்கத்தில் ரவுட்டர். அதுக்கப்புறம் ரெண்டு கனத்த சுவர், சமையல்கட்டு, பின்வாசல். அதையும் தாண்டி தகரக் கூரை போட்ட தறிக்கூடம். வைஃபை என்பது ரேடியோ அலை. ஒவ்வொரு சுவரிலும் அது பலம் இழக்கும். தகரம் அதைத் திருப்பியே அனுப்பிவிடும். அதனால் தறிக்கூடத்தில் இ-வே பில் போட முடியாமல் சரக்கு வண்டி காத்து நிற்கிறது. பின் அறையில் பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் பதியும் பிள்ளைக்குக் கடைசி நாளில் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இ-சேவை மையத்தில் சாதிச் சான்றுக்கு ஸ்கேன் பண்ணின ஆவணம் பாதியில் நின்னுபோகுது.

உடனே பெரிய பிளானுக்கு மாறிடாதீங்க. முதலில் ரவுட்டர் பக்கத்தில் நின்னு வேகத்தைச் சோதிங்க. அப்புறம் பின் அறையில் சோதிங்க. முதல் இடத்தில் நல்லா இருந்து ரெண்டாவது இடத்தில் படுத்துக்கிச்சுன்னா, கோளாறு வீட்டுக்குள்ளதான். பிளானை மாத்தினா மாசாமாசம் கூடுதல் பணம் போகும். சுவர் அங்கேயேதான் நிக்கும்.

இதுக்கு நிலையான தீர்வு ஒரு ஒயர். ரவுட்டரின் லேன் துளையிலிருந்து பின் அறை வரை ஒரு கேட்-6 கேபிள் இழுங்க. ஒரே நீளமாக 100 மீட்டர், அதாவது ஏறக்குறைய 330 அடி வரை போகலாம். கடையில் "முழுச் செம்பா?" என்று கேட்டு வாங்குங்க. விலை குறைந்த சில கேபிள்களில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் மட்டும்தான் இருக்கும். பிளேடால் சுரண்டினா உள்ளே வெள்ளையாகத் தெரியும். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் திணிக்க வேண்டாம். தனிப் பைப் போடுங்க.

அந்த முனையில் என்ன வைக்கிறது? கம்ப்யூட்டர், பிரிண்டர், டிவி என்று ஒயரில் மாட்டும் கருவிகள் மட்டும் என்றால் ஐந்து துளை ஸ்விட்ச் போதும். கிகாபிட் ஸ்விட்சாகப் பார்த்து வாங்குங்க. பழைய வகை 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் விடாது. செல்போனும் பயன்படுத்தணும்னா ஆக்சஸ் பாயின்ட் வைக்கணும்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரையே பெரும்பாலும் ஆக்சஸ் பாயின்ட் ஆக்கலாம். மூணு வேலை. அதன் முகவரி எண்ணை முதல் ரவுட்டரிலிருந்து வேறாக மாத்துங்க. டிஹெச்சிபி வசதியை அணைச்சிடுங்க. கேபிளை வேன் துளையில் மாட்டாமல் லேன் துளையில் மாட்டுங்க. டிஹெச்சிபி என்பது ஒவ்வொரு கருவிக்கும் கதவு எண் கொடுக்கும் வேலை. ஒரே தெருவுக்கு ரெண்டு பேர் கதவு எண் கொடுத்தா தபால்காரர் என்ன பாடு படுவார்? அதனால்தான் ஒண்ணை அணைக்கச் சொல்றோம்.

ஒயர் இழுக்க முடியாத வாடகை வீட்டுக்காரங்க ரிப்பீட்டர் வைக்கலாம். அதைச் சிக்னல் செத்த இடத்தில் வைக்காதீங்க. பாதி வழியில், சிக்னல் நல்லா இருக்கும் இடத்தில் வைங்க. வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசை என்றால் வேகம் பாதியளவுக்குக் குறையும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தறிக்கூடம் தனிக் கட்டடமாக இருந்தா ஒரு எச்சரிக்கை. அங்கே பெரும்பாலும் மின் இணைப்பும் தனி. சித்திரை, வைகாசியில் இடி மின்னல் வேற. ரெண்டு கட்டடத்துக்கு நடுவில் வெட்டவெளியில் செம்பு ஒயர் போனா, மின்னல் நேரத்து மின்பாய்ச்சல் அது வழியாக ரெண்டு பக்கக் கருவிகளையும் எரிச்சிடலாம். அங்கே கண்ணாடி இழை வடமே போட்டு, ரெண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வைங்க. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனா உள்ளே இரும்புக் கம்பி இல்லாத வடமாகக் கேட்டு வாங்கணும். செலவு கொஞ்சம் கூடும். ஒரு கம்ப்யூட்டர் விலையோடு பார்த்தா குறைவுதான்.

இ-சேவை மையம் நடத்துறவங்களுக்கு இன்னொண்ணு. மக்களின் ஆதார், வருமான விவரம் எல்லாம் உங்க கம்ப்யூட்டரில் வருது. மையத்துக்கு வர்றவங்களுக்கு வைஃபை கொடுப்பதானால் ரவுட்டரில் விருந்தினர் இணைப்பு என்று தனியாக இருக்கும். அதை மட்டும் கொடுங்க.

சான்றிதழ், பட்டா, மின்கட்டணம் எல்லாமே திரைக்கு வந்துவிட்ட காலம் இது. வீட்டுக்குள் எந்த அறையில் உட்கார்ந்தாலும் அந்தச் சேவை கிடைக்கணும். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த ரெண்டு இட வேகச் சோதனையை மட்டும் செஞ்சு பாருங்க. மத்ததை அது சொல்லும்.