மூத்திரமும் முடிக்கயிறும்

(ஒரு கிராமக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருப்பது மூத்திர விஷயம். சிலர் முகம் சுளிக்கின்றீர்கள். பசுவின் மூத்திரத்தை வீடெல்லாம் தெளித்துக் கொள்ளக் கூச்சமில்லாத நமக்கு, பெற்ற பிள்ளையின் மூத்திரத்தைப் பார் என்றால் மட்டும் அசிங்கமாய்ப் போய்விடுகின்றது.

காலையில் எழும்போது குழந்தையின் கண்ணிமை வீங்கியிருக்கின்றது. பொழுது ஏற ஏற வடிகின்றது. சில நாளில் வயிறு உப்புகின்றது, கால் வீங்குகின்றது, மூத்திரம் குறைகின்றது. நாம் என்ன செய்கின்றோம்? கண்ணேறு என்கின்றோம், தோஷம் என்கின்றோம், முடிக்கயிறு கட்டுகின்றோம். பத்துப் பதினைந்து நாள் இதிலேயே ஓடிவிடுகின்றது.

லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ரிச்சர்டு பிரைட் என்று ஒரு டாக்டர் இருந்தார். இப்படி வீங்கியவர்களின் மூத்திரத்தைக் கரண்டியில் ஊற்றிக் காய்ச்சிப் பார்த்தார். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி அது உறைந்தது. செத்தவர்களை அறுத்துப் பார்த்ததில் குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், கெட்டிருந்தது. இதை அவர் 1827-ல் அச்சிட்டு உலகத்துக்குச் சொன்னார். ஒரு கரண்டி, கொஞ்சம் நெருப்பு, கேள்வி கேட்கும் புத்தி, இவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் சல்லடைகள் இருக்கின்றன. அவை பழுதுபட்டால் ரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் சத்து மூத்திரத்தில் ஒழுகிவிடுகின்றது. நீர் சதையில் தேங்குகின்றது. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் இவ்வகை நோய்க்கு நெப்ராட்டிக் என்று பெயர். பெனிசிலினும் ஸ்டீராய்டும் வருவதற்கு முன் இந்நோய் கண்ட குழந்தைகளில் வெகு பேர் கிருமி தாக்கி மாண்டார்கள். இன்று பிரட்னிசோலோன் மாத்திரையிலேயே 10-ல் சுமார் 8 குழந்தைகளுக்கு வீக்கம் வடிகின்றது. சாமிதான் குணமாக்கிற்று என்பவர்களைக் கேட்கின்றோம்: அந்தச் சாமி மாத்திரைக்கு முன்னும் இருந்ததே, அன்றைய குழந்தைகளை ஏன் கைவிட்டது?

நாம் அறிந்த ஒரு நெசவுத் தொழிலாளியின் மகனுக்கு 4 வயது. மாத்திரையை 6 வாரம் தினமும், பிறகு 6 வாரம் ஒன்றுவிட்டொரு நாளும் கொடுக்கச் சொன்னார்கள். மூன்றாம் வாரத்தில் வீக்கம் வடிந்தது. வேண்டுதல் பலித்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்டு மொட்டை போடப் போய்விட்டார். மாதம் திரும்பவில்லை, வீக்கத்தோடு காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்து பையன் ஆஸ்பத்திரியில் கிடந்தான்; பிழைத்தது டாக்டர்களால்.

அவரைக் கண்டிக்கத்தான் நாம் போனோம். "ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போனால் ரெண்டு நாள் தறி நிக்குது, பஸ் காசும் சேர்ந்து போகுது. கோயிலுக்கு ஒரு தரம் போனால் போதும்னாங்க" என்றார். நமக்குப் பதில் வரவில்லை. முடிக்கயிற்றைத் திட்டிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிடுகின்றோமே தவிர, அந்தப் பஸ் காசுக்கு நாம் என்ன வழி செய்தோம்? சென்னை எழும்பூரில் குழந்தைகளுக்கென்றே சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கின்றது; சிறுநீரகத்துக்குத் தனிப்பிரிவும் இருக்கின்றது. அங்கே போய்ச் சேர்வதற்குள் கூலி போய்விடுகின்றதே! அந்தச் சிகிச்சை ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்க வேண்டுமென்று கேட்பதும் நமது வேலைதான்.

சிறுநீரகமே செயலற்றுப் போன குழந்தைக்கு டயாலிசிஸ் உண்டு, மாற்றுச் சிறுநீரகமும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-லேயே மாற்றிக் காட்டினார்கள். நம் நாட்டில் உயிரோடு இருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெண் புத்தி பின்புத்தி என்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

அந்த நெசவாளியின் தாயாருக்கு எழுத்து வாசனை கிடையாது. பேரனின் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்க்க ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் கற்றுக் கொண்டார். கலங்கினால் ஒரு கோடு, தெளிந்திருந்தால் ஒரு வட்டம் என்று காலண்டரில் குறிக்கின்றார். நாம் போனபோது 19 வட்டம் இருந்தது.