ஸ்டேஷனுக்குப் போகும்முன் எடுக்க வேண்டிய காகிதம்



பெங்களூரின் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு தமிழ்க் குடும்பம். இரவு பதினோரு மணிக்கு போன் அடிக்கிறது. "உங்க பையன் ஸ்டேஷன்ல இருக்கான், வாங்க." பையனுக்குப் பதினேழு வயது. அப்பா, தெரிந்த போலீஸ்காரர் யாராவது உண்டா என்று தேடுகிறார். அம்மா அழுகிறாள். பீரோவில் இருக்கும் பள்ளிச் சான்றிதழ் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

அன்றிரவு அந்தப் பையனைக் காப்பது அந்தக் காகிதம்தான். பதினெட்டு வயது நிரம்பாதவர் எவராயினும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குழந்தைதான். வயதில் சந்தேகம் வந்தால் முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றிதழை. அது இல்லையென்றால் மாநகராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அட்டை இந்த வரிசையிலேயே இல்லை. ஆனால் பள்ளிச் சான்றிதழில் ஏறுவது நாம் சொல்லும் தேதி; ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிவிட்டு வந்த பெற்றோர் நம்மில் எத்தனை பேர்!

குழந்தை என்று தெரிந்தபின் லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. வாக்குமூலம் என்று எழுதி அவனிடம் கையெழுத்து கேட்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். ஜாமீனில் விடுவதே அங்கு பொது விதி. விட்டால் அவனுக்கே ஆபத்து, அல்லது கெட்ட கூட்டாளிகளிடம் போய்ச் சேருவான் என்பது போன்ற காரணம் இருந்தால்தான் கூர்நோக்கு இல்லம்.

நமக்கு இங்கே இன்னொரு சங்கடம் உண்டு. காகிதமெல்லாம் கன்னடத்தில் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள்.

குற்றங்களைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது: சிறியவை, கடுமையானவை, கொடியவை. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ என்றால் அது கொடிய குற்றம். 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமையில் ஒரு சிறுவனும் சிக்கியதால் எழுந்த கோபத்தில், பதினாறு வயது நிரம்பியவர்கள் கொடிய குற்றத்தில் சிக்கினால் பெரியவர்களைப் போல விசாரிக்கலாம் என்ற வழி திறக்கப்பட்டது. அதற்கு முன் பையனுடைய மன, உடல் திறனையும், விளைவை அறியும் திறனையும் குழுமம் மதிப்பிட வேண்டும். இதை மேம்போக்காகச் செய்யக் கூடாது, உளவியல் அறிந்தவர் துணை வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரியவரைப் போல விசாரித்தாலும் தூக்கு கிடையாது.

பெற்றோர் எதிர்பாராமல் அகப்படும் இடம் காதல். பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் வீட்டைவிட்டுப் போய்விட்டால், பெண்ணின் சம்மதம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கண்ணில் சம்மதமே அல்ல. உடலுறவு நடந்திருந்தால் குறைந்தபட்சத் தண்டனை பத்து ஆண்டு. ஆக, அதுவும் கொடிய குற்றம்! 2022 நவம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தார்வாட் அமர்வு இப்படியொரு வழக்கில், சம்மத வயதைச் சட்ட ஆணையம் மறுபடி யோசிக்க வேண்டும் என்றது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்கு இந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்கவும் ஏற்பாடு செய்யச் சொன்னது. பத்து ஆண்டு என்பதைப் பிள்ளைகள் போலீஸ் வாயால் முதன்முதலில் கேட்பது கொடுமை. வீட்டிலேயே, கூச்சத்தை விட்டு, நாம் சொல்லியாக வேண்டும்.

பைக் விஷயத்தில் குற்றவாளிக் கூண்டு நமக்கே. பெங்களூரு சாலைகளில் முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்யும் சிறுவனுக்குச் சாவி கொடுத்தது யார்? லைசென்ஸ் இல்லாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை.

பிடிபட்ட பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவதும் குற்றம். அக்கம்பக்கத்துப் பையன் ஒருவன் சிக்கினால், அவன் படத்தைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். இன்றிரவு உங்கள் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழை எடுத்து, அதிலுள்ள பிறந்த தேதி சரிதானா என்று பாருங்கள். தவறாக இருந்தால் நாளைக்கே பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள்.