தள்ளிப்போட்ட கார்

புனேயில் குடி பாட்வா, தசரா பண்டிகைகள் வந்துவிட்டால் ஷோரூம் வாசலில் சாமந்தி மாலையோடு புதுக் கார்கள் வரிசைகட்டும். பக்கத்திலேயே உடைக்கத் தேங்காய் தயாராக இருக்கும்.

2025 ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறையும் என்று பிரதமர் அறிவித்தார். கார் வாங்க நினைத்திருந்த பலர் பொறுத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 22, நவராத்திரி முதல் நாள். சிறிய பெட்ரோல் கார்களுக்குச் செஸ்ஸோடு 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. ஷோரூம்களில் கூட்டம் கூடியது. சலுகை பெரும்பாலும் ஆசையை உண்டாக்குவதில்லை, தேதியைத்தான் மாற்றுகிறது என்பேன்.

டிசம்பர் தள்ளுபடி வேறு கதை. ஜனவரி பிறந்ததும் அப்போது வாங்கிய காருக்கு ஒரு வயது கூடிவிடும், மறுவிற்பனையில் விலை இறங்கும். முன்பணம் கட்டுமுன் தயாரித்த மாதமும் ஆண்டும் கேளுங்கள். ஆர்.சி.யில் ஏறப்போவது அதுதான்.